இயந்திரமான நிஞ்சா

மார்ட்டல் காம்பேட் ஆடினவங்களுக்கு ஸ்மோக்கைத் தெரியாம இருக்காது. 1993-ல் வந்த இரண்டாம் பாகத்துல ஒளிஞ்சிருந்த சாம்பல் நிற நிஞ்சா. ஸ்கார்பியன், சப்-ஜீரோ, இவன் எல்லாமே ஒரே நடிகரோட படங்கள்தான். மெமரியை மிச்சம் பிடிக்க நிறத்தை மட்டும் மாத்தினாங்க. (நம்ம காப்பி-பேஸ்ட் மாதிரியே!)

1995, மூன்றாம் பாகம். லின் குவே கூட்டம் தன் கொலையாளிகளையே இயந்திரமாக்குது. சைரக்ஸ், செக்டார் மாறியாச்சு. மறுத்து ஓடினது சப்-ஜீரோவும் ஸ்மோக்கும். நண்பன் தப்பிச்சான், மாட்டின ஸ்மோக்குக்கு எல்கே-7டி2-ன்னு நம்பர் போட்டாங்க. ஆனா உள்ளே ஆன்மா மிச்சம் இருந்தது.

2011 ஆட்டத்துல ரெய்டன் வரலாற்றை மாத்தி ஸ்மோக்கைக் காப்பாத்துறார். இயந்திரமானது சப்-ஜீரோ! ஆள்தான் மாறினான், பலி மாறலை.