சுரங்கவழிச் சந்தையும் ஏலக்கூடமும்

இணையத்தின் வழியே ஆயிரக்கணக்கானோர் ஒரே கற்பனை உலகில் புகுந்து, ஆளுக்கொரு வேடம் தரித்து ஆடும் விளையாட்டுகளைப் பற்றி நம் இலக்கிய இதழ்களில் அதிகம் எழுதப்படுவதில்லை. வாளும் வேதாளமும் நிறைந்த பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆயினும் முன்பின் அறியாதவர்கள் பண்டம் மாற்றிக்கொள்ளத் தொடங்குவது எப்படி, அது சந்தையாகத் திரள்வது எப்படி, சந்தையில் வசதி பெருகப் பெருகக் கைவிட்டுப் போவது எது என்பவற்றை ஒரே தலைமுறைக் காலத்து வரலாறாகப் பார்க்க விரும்பினால், இந்த விளையாட்டுகளைத்தான் நாட வேண்டியிருக்கிறது.

அடிப்படை எளிது. வில்லாளியாக ஆடுபவர் ஒரு அரக்கனைக் கொல்கிறார். அவன் உடலிலிருந்து மந்திரவாதிக்கு மட்டுமே பயன்படும் கோல் ஒன்று கிடைக்கிறது. வில்லாளிக்கு அது விறகு. எங்கோ ஒரு மந்திரவாதிக்கு அது புதையல். இருவரும் ஒருவரையொருவர் கண்டுகொள்வது எப்படி என்ற கேள்விக்கு ஒவ்வொரு விளையாட்டும் சொன்ன பதிலே இந்த வரலாறு.

1997 செப்டம்பரில் வெளிவந்த ‘அல்டிமா ஆன்லைன்’ ஆக்கியோர் மூடிய பொருளாதாரம் ஒன்றைக் கனவு கண்டனர். அந்த உலகின் மூலப்பொருள்களுக்கு ஓர் அளவு உண்டு. புழக்கத்தில் உள்ளவை அழிந்தால்தான் புதியவை தோன்றும். ஆட்டக்காரர்களோ எதையும் அழியவிடவில்லை. கிடைத்ததையெல்லாம் பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைத்தனர். தையல் திறனை வளர்த்துக்கொள்வதற்காகவே யாரும் உடுத்தாத சட்டைகள் குவிந்தன. மனிதரின் பதுக்கும் குணத்துக்கு அந்தக் கணக்கில் இடமிருக்கவில்லை, திட்டம் கைவிடப்பட்டது. வணிகத்துக்கென்று அங்கே நிலைத்த முறை வேறு. ஆட்டக்காரர் தம் வீட்டு வாசலில் கூலிக்கு ஒரு பொம்மை விற்பனையாளரை நிறுத்தி, பொருளையும் விலையையும் ஒப்படைத்துவிட்டுப் போகலாம். வாங்க வருபவர் வீடு வீடாக நடந்து பார்க்க வேண்டும். நல்ல சரக்கை நியாயமான விலைக்கு வைக்கும் வீட்டுக்குப் பெயர் கிடைத்தது. கடை என்பதே அதை வைத்திருந்தவரின் பெயர்தான்.

1999 மார்ச்சில் வந்த ‘எவர்குவெஸ்ட்’ சந்தை என்று எதையும் கட்டித்தரவில்லை. ஆட்டக்காரர்களே ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டனர். கிழக்குப் பொதுநிலம் எனப்பட்ட பகுதியில், பாலைவனத்துக்கு இட்டுச்செல்லும் ஒரு சுரங்கவழி இருந்தது. பல வழங்கிகளில் அதுவே பெருஞ்சந்தை ஆயிற்று. இதற்குக் காரணம் உண்டு. விற்பனைக் கூவல் அந்தந்தப் பகுதிக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே எட்டும். ஆகவே விற்பவரும் வாங்குபவரும் ஒரே பகுதியில் கூடியாக வேண்டும். பெருநகரங்களின் காவலர்கள் சில இனத்தாரைக் கண்டதும் தாக்குவார்கள். திறந்த வெளியிலோ அந்த அச்சம் குறைவு. யாரும் ஆணையிடாமல், யாரும் திட்டமிடாமல், தொலைவும் அச்சமும் சேர்ந்து ஓர் ஊர்ச்சந்தையை உண்டாக்கின.

அந்தச் சந்தை சிரமமானது. நாணயத்துக்குக்கூட எடை இருந்தது. செல்வம் மிகுந்தவரால் வேகமாக நடக்க முடியாது. பொருளின் விலை எங்கும் எழுதப்பட்டிருக்காது. பல நாள் அங்கே நின்று காதைத் தீட்டிக்கொண்டவருக்கே அது தெரியும். விவரமறியாதவர் ஏமாந்தார். பேரம் படிந்தபின் இருவரும் எதிரெதிரே நின்று, பரிமாற்றப் பலகையில் தத்தம் பண்டத்தை வைத்து, இருவரும் சம்மதம் சொன்ன பிறகே கைமாற்றம் நிகழும். ஒரு கவசம் விற்க ஒரு மாலை முழுதும் போகலாம். அந்த மாலையில் பேச்சு வளர்ந்தது, நட்பு விளைந்தது, பகையும் விளைந்தது. ஏமாற்றியவன் பெயர் அடுத்த நாளே சுரங்கமெங்கும் பரவியது.

2001 டிசம்பரில் வந்த விரிவாக்கத்தில் அந்நிறுவனமே ஒரு கடைவீதியை அமைத்தது. விற்பவர் தம் பாத்திரத்தை அங்கே நிறுத்தி விலை குறித்துவிட்டு, கணினியை அணைக்காமல் உறங்கப் போகலாம். வாங்குபவர் பட்டியலில் தேடி, மலிவானதை எடுத்துக்கொள்ளலாம். சில வாரங்களில் சுரங்கம் வெறிச்சோடியது. கடைவீதியிலோ நூற்றுக்கணக்கான உருவங்கள் வரிசையாக நின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றின் பின்னே அந்நேரம் யாருமில்லை.

இதே காலத்தில் இன்னொரு சந்தை வெளியே வளர்ந்துகொண்டிருந்தது. விளையாட்டில் கிடைத்த வாளையும் பொற்காசையும் மெய்யான டாலருக்கு ஈபே தளத்தில் விற்றனர். சோனி நிறுவனம் கேட்டுக்கொண்டதன்பேரில் 2001 ஜனவரியில் எவர்குவெஸ்ட் பொருள்களின் ஏலத்தை ஈபே விலக்கியது. விற்பனை வேறு தளங்களுக்கு நகர்ந்ததே தவிர நிற்கவில்லை. அந்த ஆண்டின் இறுதியில் எட்வர்ட் காஸ்ட்ரனோவா என்ற அமெரிக்கப் பொருளியலாளர், இத்தகைய ஏல விலைகளைக் கொண்டு, எவர்குவெஸ்டின் நோரத் உலகை ஒரு நாடாகவே பாவித்துக் கணக்கிட்டார். அதன் தனிநபர் உற்பத்தி ஆண்டுக்கு 2,266 டாலர். ருஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடைப்பட்ட நிலை. ஒருமணி நேர ஆட்டத்தின் ஈட்டம் ஏறத்தாழ 3.42 டாலர். கேளிக்கைக்கு ஒரு கூலிவிகிதம் உண்டு என்று எண்ணாகச் சொன்னது அந்தக் கட்டுரை. பொழுதுபோக்கு, உழைப்பு என்ற இரண்டுக்கும் நடுவே இருந்த வேலி அதற்குப்பின் பழையபடி நிற்கவில்லை.

2004 நவம்பரில் வெளிவந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ ஏலக்கூடத்தைப் பல லட்சம் பேரின் அன்றாட வழக்கமாக்கியது. பொருளை ஏலக்காரரிடம் ஒப்படைத்து, சிறு வைப்புத்தொகை கட்டி, தொடக்க விலையும் விருப்பமிருந்தால் உடனடி விலையும் குறித்துவிட்டுப் போகலாம்; விற்றால் நூற்றுக்கு 5 கழிவு போகப் பணம் அஞ்சலில் வரும். தொடக்கத்தில் ஒவ்வொரு அணிக்கும் ஒரே ஒரு தலைநகரில்தான் ஏலக்கூடம். ஆகவே அந்நகரங்களில் நெரிசலாவது இருந்தது. 2006 ஜனவரியில் பிற தலைநகரங்களிலும் ஏலக்காரர்கள் அமர்த்தப்பட்டு எல்லாம் ஒன்றாக இணைக்கப்பட்டபின், கூட்டமும் கலைந்தது. விலையை ஆராயும் துணைநிரல்கள் பெருகின. பிறர் விலையைவிடச் செப்புக்காசு ஒன்று குறைத்துப் போடுவதே வணிக உத்தி ஆயிற்று. வாங்கியவர் விற்றவரை அறியாமலே ஆண்டுக்கணக்கில் வணிகம் நடந்தது.

ஏலக்கூடமும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஜப்பானில் 2002-இல் வந்த ‘ஃபைனல் ஃபேன்டசி 11’ விளையாட்டில் விற்பவர் குறித்த விலை வாங்குபவருக்குத் தெரியாது. அண்மையில் நடந்த விற்பனைகளின் விவரம் மட்டுமே தெரியும். அதைக்கொண்டு ஊகித்துத் தொகை சொல்ல வேண்டும். முகம் மறைந்துபோன சந்தையிலும் பேரத்தின் படபடப்பைக் கொஞ்சம் காப்பாற்றிவைத்த ஏற்பாடு என்று இதை நாம் கொள்ளலாம்.

ஆனால் முகமறியாச் சந்தைக்கு வேறொரு விளைவும் இருந்தது. விற்பவர் யாரென்று தெரியாதபோது அவர் எதற்காக விற்கிறார் என்பதும் தெரியாது. 2007 ஜூனில் ஜூலியன் டிபெல் என்ற எழுத்தாளர், சீனாவின் நான்ஜிங் நகரில் இரவுதோறும் பன்னிரண்டு மணிநேரம், வாரத்தின் ஏழு இரவும், ஒரே அரக்கர் கூட்டத்தைத் திரும்பத் திரும்பக் கொன்று பொற்காசு சேர்க்கும் இளைஞர்களைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதினார். அவர்களுக்குக் கிடைத்த கூலி மணிக்கு ஏறத்தாழ 30 அமெரிக்க சென்ட். காஸ்ட்ரனோவா கணக்கிட்ட 3.42 டாலர் பக்கத்தில் இந்த எண்ணை வைத்துப் பார்த்தால், இடையில் நின்றவர்களின் பங்கு எவ்வளவு என்பது விளங்கும். வாங்கியவருக்கு ஓய்வுநேரத்துக் குறுக்குவழியாக இருந்தது, விற்றவருக்கு இரவுப்பணி.

இத்தகைய பொற்காசு வணிகத்தை ஒழிக்க ‘ரூன்ஸ்கேப்’ நடத்திய நிறுவனம் கடுமையான வழியைத் தேர்ந்தது. 2007 நவம்பரில் பேரங்காடி ஒன்றைத் திறந்து, விலைகள் ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் மட்டுமே நகரும்படி செய்தது. 2008 ஜனவரியில், சமமதிப்பில்லாத கைமாற்றத்தையே தடுத்தது. கள்ளவணிகர்கள் தவித்தனர் என்பது உண்மை. கூடவே ஒரு நண்பனுக்கு நல்ல வாளொன்றைப் பரிசாகக் கொடுப்பதும் முடியாமற்போயிற்று. கொடைக்கும் கள்ளவணிகத்துக்கும் நடுவே வேறுபாடு காண நிரலுக்குத் தெரியாது. இரண்டுமே ஒருபக்கம் கனத்த தராசுதான். மூன்றாண்டு முணுமுணுப்புக்குப் பின், ஆட்டக்காரர்களின் வாக்கெடுப்பை அடுத்து, 2011 பிப்ரவரியில் தடை நீங்கியது.

இந்த வரலாற்றின் உச்சம் ‘டயாப்லோ’ வரிசையில் நிகழ்ந்தது. 2000-இல் வந்த இரண்டாம் டயாப்லோவில் பொற்காசுக்கு மதிப்பே இல்லாமற்போக, ஜோர்டானின் கல் என்ற மோதிரத்தையே ஆட்டக்காரர்கள் நாணயமாக்கிக்கொண்டனர். பொருள்கள் போலியாகப் பெருக்கப்பட்டன; கண்காணிப்பற்ற தளங்களில் பண மோசடி நடந்தது. இதற்கு முடிவுகட்ட பிளிஸார்ட் நிறுவனம் ஒரு வழி கண்டது: மூன்றாம் டயாப்லோவில் தானே ஓர் ஏலக்கூடம் நடத்துவது, அதுவும் மெய்ப்பணத்துக்கு. 2012 மே மாதம் விளையாட்டு வந்தது. ஜூன் 12 அன்று அமெரிக்காவில் பண ஏலக்கூடம் திறந்தது. ஓர் ஆயுதமோ கவசமோ விற்றால் நிறுவனத்துக்கு 1 டாலர். ஒரு பொருளின் உச்சவிலை 250 டாலர். தென்கொரியாவில் மட்டும் அனுமதி கிடைக்காததால் பண ஏலம் இல்லாமலே விளையாட்டு வெளியானது.

மோசடி குறைந்திருக்கலாம். ஆனால் அந்த விளையாட்டின் உயிர் எதில் இருந்தது? அரக்கனைக் கொன்றதும் தரையில் என்ன விழும் என்ற எதிர்பார்ப்பில். விழுந்ததைவிட மேலானது ஏலக்கூடத்தில் எப்போதும் காத்திருந்தது. வேட்டையாடி ஒரு வாரம் தேடுவதை ஐந்து நிமிடத்தில் வாங்க முடியுமானால், வேட்டை வீண்வேலையாகத் தோன்றத்தான் செய்யும். 2013 மார்ச்சில் விளையாட்டின் தலைமை வடிவமைப்பாளராக இருந்த ஜே வில்சன், ஏலக்கூடம் விளையாட்டைப் பெரிதும் புண்படுத்திவிட்டது என்று பொதுமேடையில் ஒப்புக்கொண்டார். அந்த மே மாதம் ஒரு நிரற்பிழையால் பொற்காசு கட்டுக்கடங்காமல் பெருகி, ஏலக்கூடத்தைத் தற்காலிகமாக மூட நேர்ந்தது. 2014 மார்ச் 18 அன்று நிரந்தரமாகவே மூடினர். அதையொட்டி வந்த விதி வியப்பானது: சிறந்த பொருள்களை, அவை கிடைத்த வேளையில் உடனிருந்து ஆடியவருக்கு மட்டும், இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்கலாம், விற்பனைக்கு இடமில்லை. உலகிலேயே தடையற்ற சந்தையாக விளங்கியது, இரண்டே ஆண்டில், சந்தையே இல்லாத ஊராயிற்று.

நடுவழியைத் தேடியவர்களும் உண்டு. 2003-இல் ஐஸ்லாந்திலிருந்து வந்த ‘ஈவ் ஆன்லைன்’ விண்வெளி விளையாட்டில் விலைப்பட்டியல் உட்கார்ந்த இடத்திலேயே தெரியும். ஆனால் வாங்கிய சரக்கு வாங்கிய நிலையத்திலேயே கிடக்கும். கப்பலில் ஏற்றி, வழியில் கொள்ளையருக்குத் தப்பி, கொண்டுவர வேண்டும். அதனால் சுமப்பவர், காப்பவர், கொள்ளையடிப்பவர் என்று தொழில்கள் பிறந்தன. 2013-இல் வெளிவந்த ‘பாத் ஆஃப் எக்ஸைல்’ ஏலக்கூடமே வைக்கவில்லை. வணிகம் மிக எளிதானால் தேடல் பொருளற்றுப்போகும் என்று 2017-இல் அதன் ஆக்கியோர் விரிவாக எழுதி விளக்கினர். ஆனால் ஆட்டக்காரர்களின் சலிப்பு ஓயவில்லை. 2024-இல் நாணயப் பரிமாற்றச் சந்தையும், 2025-இல் விற்பவர் நேரில் இல்லாமலே விற்கும் கடைகளும் அங்கும் வந்துசேர்ந்தன. கட்டணமும் கட்டுப்பாடும் மட்டும் மிச்சமிருக்கின்றன.

அப்படியானால் சுரங்கத்தின் மீது நாம் கொள்ளும் ஏக்கம் வெறும் பழமைப்பற்றா? இரண்டு மீட்டெழுச்சிகள் இதற்கு விடைதேட உதவுகின்றன. 2013 பிப்ரவரியில், 2007-ஆம் ஆண்டின் ரூன்ஸ்கேப் அப்படியே மீண்டும் திறக்கப்பட்டது. பேரங்காடிக்கு முந்திய அந்தப் பழைய உலகுக்குத் திரும்பியவர்கள், பழைய வங்கி வாசலில் நின்று மீண்டும் கூவி விற்றனர். அங்கே எந்தப் பெரிய மாற்றத்துக்கும் நூற்றுக்கு 75 வாக்கு வேண்டும் என்பது அப்போதைய விதி. பழமையை நாடி வந்த அவர்களே வாக்களித்து, 2015 பிப்ரவரியில் பேரங்காடியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பகலெல்லாம் வேலைபார்த்துவிட்டு இரவில் ஒருமணி நேரம் ஆடுபவர், அந்த ஒருமணியையும் கூவுவதில் கழிக்க விரும்பவில்லை. இதை யார் குறைசொல்ல முடியும்? சுரங்கவழிச் சந்தை நேரம் மிகுந்தவர்களின் சந்தையாகவும் இருந்தது என்பதை அதைப் பாடுபவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

மற்றொன்று, எவர்குவெஸ்டின் தொடக்ககால வடிவைக் காப்பாற்ற விரும்பிய அன்பர்கள் 2009-இல் தொடங்கிய வழங்கி. அதில் கடைவீதி வரும் காலத்துக்கு முன்பாகவே வரலாறு நிறுத்திவைக்கப்பட்டது. ஆகவே அங்கே வணிகம் மறுபடி கிழக்குப் பொதுநிலத்துச் சுரங்கத்தில் கூடியது. அங்கே போகிறவர்களுக்கும் வசதியின் அருமை தெரியும். அது கிடைக்கும் வேறு உலகங்கள் எத்தனையோ இருக்கின்றன. ஒரு வாளை விற்க ஒரு மாலை போகும் என்று தெரிந்தே வருகிறார்கள். அந்த மாலைக்காகவே வருகிறார்கள் என்றும் நமக்குத் தோன்றுகிறது.