அவையத்தில் அமர்ந்தவர்

நம் பூதப்பாண்டியின் பெயரைக் கேட்டதும் இலக்கியம் பயின்றோர் நினைவில் எழுபவன் ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன். பகைவரை வெல்லேனாயின் இன்னின்ன பழி என்னைச் சேர்வதாக என்று புறநானூற்றின் 71ஆம் பாடலில் வஞ்சினம் கூறும் அவன், அறங்கூறும் அவையில் தகுதியற்றவனை அமர்த்திய பழியையும் அங்கே சேர்க்கிறான். அமர்பவர் யார் என்பதில் அத்துணைப் பொருள் உண்டோ எனில், உண்டு. நவநீதம் பிள்ளை அதற்குச் சான்று.

தென்னாப்பிரிக்காவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர் வழியில், பேருந்து ஓட்டுநரின் மகளாக 1941இல் டர்பனில் பிறந்தார். 1967இல் நேட்டால் மாகாணத்தில் சொந்தமாக வழக்குரைஞர் அலுவலகம் திறந்த முதல் வெள்ளையரல்லாத பெண் இவரே. இருபத்தெட்டு ஆண்டுகள் வாதாடியும் நீதிபதியின் தனியறைக்குள் நுழைய அவர் நிறம் தடையாயிற்று. 1995இல் தாமே நீதிபதியானபோதுதான் அத்தகைய அறையொன்றில் முதன்முதலாகக் கால் வைத்தார்.

அவ்வாண்டே ஐ.நா. பொதுப்பேரவை, 1994 ருவாண்டா இனப்படுகொலையை விசாரிக்கும் தீர்ப்பாயத்திற்கு அவரைத் தேர்ந்தெடுத்தது. தான்சானியாவின் அருஷா நகரில் 1997 சனவரியில் அகாயேசு வழக்கு தொடங்கியது. குற்றவாளிக் கூண்டில் நின்றவர் தாபா வட்டாரத்தின் தலைவர். முன்பு ஆசிரியராயிருந்தவர் என்பதுதான் நெஞ்சை உறுத்துகிறது. மூவர் அமர்வில் பிள்ளை ஒருவரே பெண். குற்றப்பத்திரிகை கொலைகளைப் பேசியது; பெண்கள் பட்டதைப் பேசவில்லை. சாட்சி சொல்ல வந்த ஒரு தாய், தம் ஆறு வயது மகள் சீரழிக்கப்பட்டதை இடையே குறிப்பிட்டார். வழக்குக்குப் புறம்பானது என அதை விட்டுவிட்டிருக்கலாம். பிள்ளை விடவில்லை, மேலும் வினவினார். வேறு பெண்களும் வாய் திறந்தனர். சூன் மாதம் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. ஓர் இனத்தை அழிக்கும் நோக்கோடு இழைக்கப்படும் பாலியல் வன்கொடுமை இனப்படுகொலையே என 1998 செப்டம்பர் 2 அன்று தீர்ப்பு வந்தது. பன்னாட்டுத் தீர்ப்பாயம் ஒன்று அவ்வாறு உரைத்தது அதுவே முதன்முறை. அகாயேசுவுக்கு ஆயுள் தண்டனை.

இத்தீர்ப்பாயத்தின் ஏடுகளில் கத்தோலிக்கராகிய நாம் புரட்டிவிட்டுப் போக இயலாத பக்கமும் உண்டு. நியாங்கே ஆலயத்தில் அடைக்கலம் புகுந்தோர்மீது கட்டடத்தையே இடித்துத் தள்ளிய கொடுமைக்காக, அப்பங்கின் குருவுக்கு 2008இல் மேல்முறையீட்டில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவ்வமர்வில் பிள்ளை இல்லை. 2017இல் திருத்தந்தை பிரான்சிஸ், ருவாண்டாவில் திருச்சபையினர் புரிந்த பாவங்களுக்காக இறைவனின் மன்னிப்பை வேண்டினார்.

பிள்ளை 1999 முதல் 2003 வரை அத்தீர்ப்பாயத்தின் தலைவராகவும், பின்னர் தி ஹேக் நகரின் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்ற நீதிபதியாகவும், 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை உயர் ஆணையராகவும் பணியாற்றினார். அந்தத் தாயின் பெயர் எங்கும் இல்லை. சாட்சிகளைக் காக்கும் பொருட்டு அவர்களுக்கு எழுத்துகளே இடப்பட்டன. தீர்ப்பில் அவர் ‘சாட்சி ஜே’.