போட்டோவில் கலரை எவ்வளவு கூட்டலாம்? 'சாச்சுரேஷன்' செட் செய்வது எப்படி? - எளிய விளக்கம்

வாட்ஸ்அப்பில் பார்த்த பட்டுப் புடவை பளிச்சென்ற குங்குமச் சிவப்பு. பார்சலைப் பிரித்தால் உள்ளே இருப்பதோ அரக்கு. "கலர் வேற" என்று வாடிக்கையாளர் திருப்பி அனுப்பினால், கூரியர் செலவு விற்றவர் தலையில்தான். செல்போனில் படம் எடுத்து ஆன்லைனில் விற்பவர்களுக்கு இது பழகிய தலைவலி. வெளிச்சமும் ஸ்கிரீனும் ஒரு காரணம் என்றால், எடிட்டிங் ஆப்பில் இருக்கும் 'சாச்சுரேஷன்' ஸ்லைடர் இன்னொரு முக்கியக் காரணம்.

சாச்சுரேஷன் என்றால் என்ன?

ஒரு நிறம் எவ்வளவு அடர்த்தியாகத் தெரிகிறது என்பதற்கான அளவு இது. ஸ்லைடரை இடது ஓரம் வரை இழுத்தால் படம் கருப்பு வெள்ளை ஆகிவிடும். வலப்பக்கம் நகர்த்த நகர்த்த எல்லா நிறமும் ஒன்றாக ஏறும். பிரைட்னஸ் என்பது வேறு. அது வெளிச்சத்தை மாற்றுவது.

அளவு மீறினால் என்ன ஆகும்?

வழக்கமான ஜேபெக் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரைதான் இடம். புடவையின் ஒரு மடிப்பில் சிவப்பு 225, அடுத்த மடிப்பில் 245 என்று வைத்துக்கொள்வோம். இந்த வித்தியாசம்தான் கண்ணுக்கு மடிப்பாகத் தெரிகிறது. சாச்சுரேஷனை ஏற்றிக்கொண்டே போனால் இரண்டுமே 255-ல் முட்டி நின்றுவிடும். மடிப்பும் நெசவும் மறைந்து, பெயிண்ட் அடித்த மாதிரி ஒரே சிவப்புத் திட்டு மிஞ்சும்.

அப்படியே சேவ் செய்து ஒரிஜினலை அழித்துவிட்டால், பிறகு ஸ்லைடரைக் குறைத்தாலும் போனது திரும்பாது. ஒரிஜினலை எப்போதும் தனியாக வைத்திருப்பது நல்லது.

ஆட்கள் இருக்கும் படம் என்றால்?

தோலின் நிறத்தில் சிவப்பும் மஞ்சளும் ஏற்கெனவே கலந்திருக்கும். சாச்சுரேஷனைக் கூட்டினால் முகம் ஆரஞ்சு அடிக்கும். இதற்குத்தான் ஐபோனின் போட்டோஸ், லைட்ரூம் போன்ற ஆப்களில் 'வைப்ரன்ஸ்' என்று தனி ஸ்லைடர் இருக்கிறது. ஏற்கெனவே அடர்த்தியாக உள்ள நிறங்களை அதிகம் தொடாமல், மங்கலான நிறங்களை மட்டும் இது தூக்கிக் கொடுக்கும். கல்யாணப் படம், குழந்தைகள் படம் என்றால் முதலில் இதைத்தான் முயன்று பார்க்க வேண்டும்.

சரியான அளவைக் கண்டுபிடிப்பது எப்படி?

* எடிட் செய்யும் முன் போனில் நைட் மோடு, கண் பாதுகாப்பு மோடு ஆகியவற்றை ஆஃப் செய்ய வேண்டும். டிஸ்ப்ளே 'விவிட்' என்று இருந்தால் 'நேச்சுரல்' ஆக மாற்ற வேண்டும்.

* முதலில் ஒயிட் பேலன்ஸ், அடுத்து வெளிச்சம், கடைசியில்தான் கலர். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் சாச்சுரேஷனைக் கூட்டினால் மஞ்சள்தான் கூடும்.

* ஸ்லைடரை 'ரொம்ப ஓவர்' என்று தோன்றும் வரை கொண்டுபோய், அங்கிருந்து மெல்லக் குறைத்து வர வேண்டும்.

* கொஞ்ச நேரம் போனை ஓரமாக வைத்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். பார்த்துக்கொண்டே இருந்தால் ஓவர் கலரும் கண்ணுக்குப் பழகிவிடும்.

* விற்பனைப் படம் என்றால், பொருளைப் பகல் வெளிச்சத்தில் போன் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். இன்னொரு போனிலும் பார்ப்பது நல்லது.

இத்தனை பாயிண்ட் வைத்தால் சரி என்று ஒரே எண் கிடையாது. அது ஆப்புக்கு ஆப், படத்துக்குப் படம் மாறும். பல போன்கள் படம் எடுக்கும்போதே கலரைக் கொஞ்சம் ஏற்றிவிடுவதால், சில நேரம் குறைக்கவும் வேண்டியிருக்கும்.

டூர் போட்டோவில் வானம் கொஞ்சம் கூடுதல் நீலமாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் படத்தை நம்பி ஒருவர் பணம் கொடுக்கிறார் என்றால், கையில் இருக்கும் பொருளின் நிறம்தான் சரியான அளவு.