கைகள் இல்லாத உலகம்

டெமியூர்கோஸ் என்ற கிரேக்கச் சொல்லைத் தமிழில் 'படைப்புக் கடவுள்' என்று எழுதிவிடுவது சுலபம். அப்படி எழுதினவுடனே அந்தச் சொல்லுக்குள் இருக்கிற தொழிலாளி காணாமல் போய்விடுகிறான். டேமோஸ் என்றால் மக்கள், எர்கோன் என்றால் வேலை. ஊருக்கு வேலை செய்கிறவன், அவ்வளவுதான் அர்த்தம். ஹோமரின் 'ஒடிசி' (17ஆம் பகுதி) குறிசொல்பவன், வைத்தியன், தச்சன், பாடகன் ஆகிய நாலு பேரையும் இந்தப் பெயரின் பழைய வடிவத்தால்தான் குறிக்கிறது. சில கிரேக்க நகரங்களில் இது ஓர் அதிகாரியின் பதவிப் பெயர். ஏதென்ஸிலோ கைத்தொழில்காரனைச் சொல்லும் சாதாரணச் சொல்.

கி.மு. 360ஐ ஒட்டி பிளேட்டோ எழுதிய 'திமேயஸ்' உரையாடலில் இந்தத் தொழிலாளி பிரபஞ்சத்தைச் செய்கிறான். 'செய்கிறான்' என்பதைக் கவனிக்க வேண்டும். சூன்யத்திலிருந்து படைப்பு என்கிற கோட்பாடு கிறிஸ்தவச் சிந்தனையில் தெளிவாக உருப்பெறுவது கி.பி. 2ஆம் நூற்றாண்டில்தான். இவனுக்கு முன்னால் மூன்று விஷயங்கள் ஏற்கெனவே இருக்கின்றன: பார்த்துச் செய்ய மாறாத மாதிரி வடிவங்கள், ஒழுங்கில்லாமல் குலுங்கிக்கொண்டிருக்கும் சரக்கு, அதற்கு இடம் தரும் 'கோரா'. கலயத்தில் கலக்குகிறான், 1, 2, 3, 4, 9, 8, 27 என்று அளந்து வெட்டுகிறான், வளைத்து வட்டமாக்குகிறான். நெருப்புக்கு நான்முகி, மண்ணுக்குக் கனசதுரம் என்று வடிவம் கொடுக்கிறான். சரக்கு முரண்டு பிடிக்கிறது. பிளேட்டோ 'அவசியம்' என்று பெயரிடும் அந்த முரண்டை நயமாகப் பேசித்தான் இணங்கவைக்க வேண்டியிருக்கிறது. அதுவும் முழுசாக முடிவதில்லை. மரத்தின் போக்கு தெரிந்த தச்சனுக்கு இது புரியும். சர்வ வல்லமையுள்ள கடவுளுக்குப் புரியாது.

சரி, தொழிலாளியைப் பிரபஞ்சத்தின் உச்சியில் தூக்கி வைத்த பிளேட்டோ, தன் நகரத்தில் அவனுக்கு என்ன இடம் கொடுத்தார்? 'குடியரசு' நூலில் இரும்பும் வெண்கலமும் கலந்த கடைசி வர்க்கம். கடைசிக் காலத்து 'சட்டங்கள்' நூலில் அதுவும் கிடையாது. குடிமகன் கைத்தொழில் செய்யக் கூடாது, குடிமகனின் அடிமையும் செய்யக் கூடாது. அதெல்லாம் குடியுரிமை இல்லாத அந்நியர்களின் பாடு. நிஜ ஏதென்ஸ் அப்படி இருக்கவில்லை. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கடைசியில் எரக்தியோன் கோயிலைக் கட்டிய கணக்கு கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது. குடிமகன், குடியேறியவன், அடிமை மூவரும் சேர்ந்து நின்று தூண்களில் வரிப்பள்ளம் செதுக்கியது அதில் பதிவாகியிருக்கிறது. கூலியும் பெரும்பாலும் ஒன்றுதான்: நாளுக்கு ஒரு திராக்மா. பிளேட்டோவின் சட்டம் அழிக்க நினைப்பது இந்தக் கலப்பைத்தான்.

கிரிகரி விளாஸ்டோஸ் 1975இல் வெளியான 'பிளேட்டோவின் பிரபஞ்சம்' நூலில் இந்த முரண்பாட்டைக் கவனித்தார். சமூகத் தப்பெண்ணத்தைத் தத்துவக் கற்பனை வென்ற இடம் இது என்றார். எனக்கு அது வெற்றியாகத் தெரியவில்லை. தொழிலை எடுத்துக்கொண்டு தொழிலாளியை வாசலில் நிறுத்திய காரியமாகத்தான் படுகிறது. பிரதியிலேயே சாட்சி இருக்கிறது. செய்து முடித்த பிரபஞ்சம் ஓர் உருண்டை. அதற்குக் கைகள் வைக்கப்படவில்லை. பிடிப்பதற்கு வெளியே ஒன்றும் இல்லை, தடுப்பதற்கு எதிரி இல்லை, பின்னே கை எதற்கு? மனிதனிடம் அந்த உருண்டையின் நகல் தலை. கைகால் உள்ள உடம்பு தலையைச் சுமக்கும் வாகனம். அழியக்கூடிய உடம்புகளைச் செய்யும் வேலையை டெமியூர்கோஸ் தானே செய்வதுமில்லை. கீழ்நிலைத் தெய்வங்களிடம் ஒப்படைத்துவிடுகிறான். தான் செய்தால் அவையும் தெய்வங்களுக்குச் சமமாகிவிடும் என்பது சொல்லப்படும் காரணம். ஆக, வானத்திலும் மேஸ்திரி, சித்தாள் பிரிவினை.

அரிஸ்டாட்டில் மேஸ்திரியும் வேண்டாம் என்றார். அவருடைய அசையாத இயக்கி எதையும் செய்வதில்லை, சிந்தனையைச் சிந்தித்துக்கொண்டிருக்கிறது. மிகச் சிறந்த நகரம் கைத்தொழிலாளியைக் குடிமகனாக்காது என்று 'அரசியல்' நூலில் எழுதியவரும் இதே அரிஸ்டாட்டில்தான். இந்த இரண்டு நூல்களையும் தனித்தனி அலமாரியில் வைத்துப் படித்துப் பழகிவிட்டோம்.

சிசரோ கி.மு. 45இல் எழுதிய 'தெய்வங்களின் இயல்பு' நூலில் ஓர் எபிகூரியவாதி கேலியாகக் கேட்கிறார்: இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு என்ன கருவி, என்ன நெம்புகோல், வேலையாட்கள் யார்? பிளேட்டோவின் கடவுளை மடக்கக் கேட்ட கேள்வி இது. பிளேட்டோவின் நகரத்தைப் பார்த்தும் இதையே கேட்கலாம்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஞானவாதக் குழுக்கள் பலவற்றில் டெமியூர்கோஸ் அறியாமையில் உழலும் கீழ்க்கடவுளாகிவிட்டான். உலகத்துக் கோளாறுகளெல்லாம் செய்தவன் தலையில் விழுந்தன. 3ஆம் நூற்றாண்டில் புளோட்டினஸ் இந்தப் பழியைக் கடுமையாக மறுத்தார். ஆனால் கையும் கருவியும் இல்லாமல்தான் இயற்கை உருவாக்குகிறது என்று அவரும் சொன்னார். ஒருவர் தொழிலாளியைக் குற்றவாளியாக்கினார், இன்னொருவர் தொழிலையே காற்றாக்கினார்.

எனவே இந்தச் சொல்லைத் தமிழாக்குகிறவர்கள் 'படைப்புக் கடவுள்' என்று பூசி மெழுகாமல் 'கைவினைஞன்' என்றே எழுதலாம். வாக்கியம் உறுத்தும். கைத்தொழிலைக் கீழாகப் பார்த்த பிளேட்டோவின் வட்டத்து வாசகருக்கும் அது உறுத்தியிருக்கும். அந்த உறுத்தலைத் தொலைத்துவிட்டால் நமக்கு மிஞ்சுவது வெறும் கடவுள்.