வகுப்பே தேற வேண்டும்: ஒரு மக்காச்சோளக் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் சின்னசேலத்தில் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டுப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். சாலையின் இரண்டு பக்கமும் மக்காச்சோளம். எல்லாம் ஒரே உயரம், ஒரே நிறம். பக்கத்தில் இருந்த கல்லூரிப் பையன், "சார், இதெல்லாம் கோழிக்குத்தானே?" என்றான். "ஆமாம்பா" என்றேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

1987-ல் கல்வராயன் மலையில் ஓர் ஆரம்பப் பள்ளியில்தான் எனக்கு முதல் வேலை. நான் தங்கியிருந்த வீட்டு ஆயா, சாமைக் கொல்லை ஓரத்தில் கொஞ்சம் மக்காச்சோளமும் போடுவார். விதைக் கதிர்களைத் தோகையோடு பின்னி அடுப்புக்கு மேலே தொங்கவிடுவார். புகை பட்டால் வண்டு அண்டாது. மஞ்சள், வெள்ளை, நடுநடுவே கருஞ்சிவப்பு மணிகள். விதைக்கு எடுக்கும்போது ஒரு மணியைக் கடித்துப் பார்ப்பார். "கல்லாட்டம் இருக்கணும் சார், மாவாப் போனா வண்டு தின்னுடும்" என்பார். நல்ல கதிர் ஒன்று கிடைத்தாலும் அதிலிருந்து மட்டும் எடுக்க மாட்டார். பத்துப் பதினைந்து கதிர்களிலிருந்து கலந்துதான் எடுப்பார்.

அதன் காரணம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் விளங்கியது. மக்காச்சோளத்தில் ஆண் பூ உச்சியில் இருக்கிறது, பெண் பூ கதிரில் இருக்கிறது. காற்றில் வரும் மகரந்தம் எந்தச் செடியுடையது என்று சொல்ல முடியாது. அதனால் ஒரு வயல் என்பது ஒரு பெரிய கூட்டுக் குடும்பம். விஞ்ஞானிகள் அந்தக் கூட்டத்தை அப்படியே எடுத்து, பருவத்துக்குப் பருவம் நலிந்ததை நீக்கி, தேறியவற்றைத் தங்களுக்குள் கலக்கவிட்டு மேம்படுத்துகிறார்கள். வாத்தியார் பாஷையில் சொன்னால், முதல் மதிப்பெண் பையனை மட்டும் பார்க்காமல் வகுப்பின் சராசரியையே உயர்த்துவது.

நம் நாட்டில் அகில இந்திய அளவிலான மக்காச்சோள ஆராய்ச்சித் திட்டம் 1957-ல் ராக்பெல்லர் அறக்கட்டளை உதவியோடு தொடங்கியது. 1961-ல் கங்கா 1, கங்கா 101, ரஞ்சித், டெக்கான் என்று வீரிய ஒட்டு ரகங்கள் வந்தன. விளைச்சல் நன்று. ஆனால் விளைந்ததையே மறுபடி விதைத்தால் மகசூல் இறங்கும். வருடா வருடம் விதை வாங்க வேண்டும். அதனால் 1967-ல் விஜய், கிசான், ஜவஹர் முதலிய கூட்டு ரகங்களைக் கொடுத்தார்கள். இவற்றில் விவசாயி சில வருடமாவது தன் விதையைத் தானே எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து நோய். அடிச்சாம்பல் நோய் வந்த செடியை நம் பக்கத்து விவசாயிகள் நன்றாக அறிவார்கள். இலையில் வெளிறிய கோடுகள் விழும், காலையில் இலையின் அடிப்பக்கம் சாம்பல் பூத்தது போலிருக்கும், கதிர் பிடிக்காது. 1960களின் கடைசியில் தாய்லாந்தில் இந்நோய் பரவியபோது, சுஜின் ஜினாயோன் என்ற விஞ்ஞானியும் குழுவினரும் ஒரு வேலை செய்தார்கள். கரீபியன் தீவுகள், மெக்சிகோ, தென்னமெரிக்கா, இந்தியா எனப் பல இடங்களின் 36 மூலங்களைக் கலந்து உருவாக்கிய கூட்டத்தில், நோய் தாங்கும் பிலிப்பைன்ஸ் சோளத்தைச் சேர்த்தார்கள். நோயை வேண்டுமென்றே வயலில் பரப்பி, தப்பிய செடிகளை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். இப்படியே பல பருவம். 1970களின் நடுவில் வெளிவந்த 'சுவான் 1' ஆசியா, ஆப்பிரிக்கா எங்கும் பயணித்தது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும் இந்நோயைத் தாங்கும் கோ 1 ரகத்தைத் தந்தது.

மூன்றாவது, மணியின் தரம். சாதாரண மக்காச்சோளப் புரதத்தில் லைசின், டிரிப்டோபன் என்ற இரண்டு சத்துகள் குறைவு. அதையே முக்கிய உணவாகச் சாப்பிடும் குழந்தை வயிறு நிறைந்தும் மெலியும். 1960களில் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 'ஓபேக் 2' என்ற மரபணு லைசினை ஏறக்குறைய இரு மடங்காக்குவதைக் கண்டுபிடித்தார்கள். இந்தியாவிலும் சக்தி, ரத்தன், புரோட்டினா என்று ரகங்கள் வந்தன. ஆனால் விவசாயி ஏற்கவில்லை. மணி சுண்ணாம்பு போல மாவாக இருந்தது, எடை குறைந்தது, வண்டு அரித்தது. ஆயாவின் பல் சொல்லியிருக்கும் அதே தீர்ப்பு!

மெக்சிகோவில் உள்ள பன்னாட்டு மையத்தில் நம் அமிர்தசரஸில் பிறந்த சுரிந்தர் வாசலும், வேதியியலாளர் இவாஞ்சலினா வில்லேகாஸும் சோர்ந்துவிடவில்லை. சத்தும் குறையாமல் மணியும் கெட்டியாக இருக்கும் கதிர்களை வருடக்கணக்கில் சலித்து எடுத்தார்கள். 2000-ல் இருவருக்கும் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

ஆனால் அந்தச் சோளம் தயாரானபோது நம் ஊரில் மக்காச்சோளம் தட்டிலிருந்து தீவனத்துக்குப் போய்விட்டது. நாமக்கல் கோழி தின்று, முட்டையாகிச் சத்துணவில் பிள்ளைகளுக்குத் திரும்புகிறது. அதில் குறை சொல்ல மாட்டேன். முட்டை நல்ல உணவு. ஒட்டு விதை போடும் என் மைத்துனரையும் குறை சொல்ல மாட்டேன். கடனைக் கட்ட விளைச்சல் வேண்டுமே!

என் கவலை வேறு. 1970-ல் அமெரிக்காவில் பெரும்பாலான வயல்களில் ஒரே மூலத்திலிருந்து வந்த ஒட்டுச் சோளம் இருந்தது. ஓர் இலைக்கருகல் பூஞ்சை வந்தது; நாட்டின் விளைச்சலில் சுமார் 15 விழுக்காடு போயிற்று. எல்லோரும் ஒரே விடையை எழுதும் வகுப்பில், கேள்வி மாறினால் வகுப்பே தோற்கும். 2018-ல் படைப்புழு வந்தபோது நம் மாவட்ட விவசாயிகள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். நாளை வரப்போகும் நோய்க்கு எந்த விதையில் பதில் இருக்கிறது என்று இன்று யாருக்குத் தெரியும்?

இரண்டு வருடம் முன் மலைக்குப் போனேன். ஆயா இல்லை. அடுப்பு எரிவாயுவுக்கு மாறிவிட்டது. உத்தரத்தில் கதிரும் இல்லை. பேரன், "அந்த விதை எப்பவோ போச்சு சார்" என்றான்.

வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் இருக்கும் என் மாணவர்களே, உங்கள் வீட்டில் பல நிற மணியுள்ள பழைய கதிர் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுக்க நானே வருகிறேன். ஒரு கதிர் மட்டும் வேண்டாம். ஆயா சொல்லிக்கொடுத்தபடி பத்துப் பதினைந்து கதிர் எடுத்து வையுங்கள்.