கல்லுக்குள்ள தண்ணி: யாழ்ப்பாணம் வீடு கட்டிய கதை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறும் மாரியில்தான் ஓடும். அப்போ நாங்கள் குடிக்கிற தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது? மழை நிலத்துக்குள் இறங்கி, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் போய்த் தங்குகிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். எங்களுக்கு அந்தக் கல்லேதான் குளம்.

அதே கல்லை வெட்டித்தான் எங்கட ஆட்கள் வீடும் கட்டினார்கள். குடிக்கிறதும் குடியிருக்கிறதும் ஒரே கல்லில. 'நிலைபேறான கட்டுமானம்' என்று இப்போது கருத்தரங்குகளில் பேசுகிற விஷயம் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் அதற்கு ஏதோ ஒரு பதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதில்களைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்பம்.

முதலில் தண்ணீர்க் கணக்கு. குடாநாட்டுக்கு அடியில் நன்னீர், உப்புநீருக்கு மேலே ஒரு வில்லை மாதிரி மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரைக்கும் நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் படிக்கிறவர்களின் பொதுக்கணக்கு. திருப்பிப் பார்த்தால், மேலே ஒரு அடி இறங்கினால் கீழே உப்பு 40 அடி ஏறும். நிலாவரைக் கிணற்றில் மேற்பரப்பில் நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது இதனால்தான். கீரிமலையில் கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் ஊறுவதும் கல்லுக்குள்ளால் நடக்கிற இந்தப் பயணத்தின் முடிவுதான்.

இனி வீடுகள். பழைய நாற்சார் வீடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் தடித்த சுண்ணாம்புக்கற் சுவர், சுண்ணாம்புச் சாந்து, பனைமரக் கூரை, நடுமுற்றத்துக் காற்று என்று உருகுவார்கள். அதில் உண்மை இருக்கு. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் ஏறக்குறைய 900 பாகை செல்சியஸில் சுட்டால் சுண்ணாம்பு வரும். அது இறுகும்போது, சுடும்போது வெளியேறிய காபனீரொட்சைட்டின் ஒரு பகுதியைக் காற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும். சுவர் உடைந்தாலும் கல்லைக் கழற்றி இன்னொரு சுவருக்கு வைக்கலாம். வைரமேறிய பனை பல தலைமுறைக்கு நிற்கும்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கு. சுண்ணாம்புச் சூளைக்கு விறகு வேண்டும். கடலிலிருந்து முருகைக்கல்லும் எடுத்தார்கள். போர்த்துக்கேயர் தொடங்கி, 1658க்குப் பிறகு ஒல்லாந்தர் ஐங்கோணமாகத் திருத்திக் கட்டிய யாழ்ப்பாணக் கோட்டையின் சுவர்களில் அந்த முருகைக்கல்லை இன்றைக்கும் பார்க்கலாம். அதைவிட முக்கியம், கல்வீடு எல்லாருக்கும் இருக்கவில்லை. நிலம் இல்லாதவர்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதி மக்களுக்கும் கிடைத்தது மண்சுவரும் கிடுகுக் கூரையும்தான். பக்கத்து வளவில் நாற்சார் வீட்டைக் கட்டியதும் பல இடங்களில் இந்த மக்களின் உழைப்புத்தான். 'எங்கட பாரம்பரியக் கட்டடக்கலை' என்று சொல்லும்போது அது யாருடைய பாரம்பரியம் என்றும் கேட்கவேண்டியிருக்கு.

அடுத்த பெரிய மாற்றம் 1950இல் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. களிமண் முருங்கனிலிருந்து வந்தது. சுண்ணாம்புக்கல்லைத் தொழிற்சாலையைச் சுற்றியே தோண்டினார்கள். பல குடும்பங்கள் அதில் சீவித்தன. அந்தத் தொழிற்சாலை வடக்கின் பெருமையாக இருந்தது என்று சொல்வதில் தவறே இல்லை.

ஆனால் சீமெந்தின் வேதியியல் சுண்ணாம்பை விடக் கடுமை. கல்லை ஏறக்குறைய 1450 பாகைக்குச் சூடாக்க வேண்டும். எரிபொருளின் புகை ஒரு பங்கு என்றால், கல்லே உடைந்து வெளிவிடும் காபனீரொட்சைட்டு அதைவிடப் பெரிய பங்கு. இன்றைக்கு உலகம் வெளிவிடும் காபனீரொட்சைட்டில் 7 முதல் 8 வீதம் சீமெந்தால் வருகிறது. 1950இல் இதை ஒருவரும் யோசித்திருக்க முடியாது. ஆனால் தோண்டிய குழி கண்ணுக்குத் தெரிந்ததுதானே? கடலுக்கு இவ்வளவு கிட்ட, நிலத்தடி நீர்மட்டம் வரைக்கும் கல்லை எடுத்தால், மழைநீரை வடிகட்டிச் சேர்த்துவைக்கும் படையே இல்லாமல் போகும். உப்பு உள்ளே வர வழியும் திறக்கும். கல்லைத் தோண்டும்போது எங்கட குளத்தையும் சேர்த்துத்தான் தோண்டினோம்.

1990இல் போர் தொழிற்சாலையை மூடியது. அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயமானது. அதோடு வடக்குக்கு வந்த பொருளாதாரத் தடையில் சீமெந்தும் இருந்தது. இடிந்த வீட்டின் கல், கதவு, நிலை, ஓடு எல்லாம் அடுத்த கொட்டிலுக்குப் போனது. இன்றைக்கு 'மீள்பயன்பாடு' என்று பாடத்தில் படிக்கிறதை எங்கட பெற்றோர் வேறு வழியில்லாமல் செய்தார்கள். அதே காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் என்று எண்ணிக்கையில்லாத பனைகள் தறிக்கப்பட்டன. கூரைக்குப் போகவேண்டிய மரம் மண்ணுக்குள் போனது.

2009க்குப் பிறகு திரும்பக் கட்டும் காலம். இந்திய வீட்டுத்திட்டத்தின் 50,000 வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தலா 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கொடுத்து, உரிமையாளரே கட்டும் முறை வைத்தார்கள். அந்த முறை நல்லது. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் சீமெந்துக்கல், ஒரே நேரத்தில் மணல். வடமராட்சி கிழக்கின் மணல் லொறிகளில் போனது. காசு போதாமல் நகையை அடகு வைத்தவர்களும் நுண்கடன் எடுத்தவர்களும் ஏராளம். வீடு நின்றது, கடனும் நின்றது. வீட்டில் இருக்கிறவரைக் கடனாளியாக்கும் வீட்டை நிலைபேறானது என்று எப்படிச் சொல்வது?

2016இல் 'பொருத்து வீடு' வந்தது. வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள். ஒன்றின் விலை ஏறக்குறைய 21 இலட்சம் ரூபாய் என்று முதலில் சொல்லப்பட்டது. கல்வீட்டுக்குக் கொடுத்த காசைப் போல மூன்று மடங்குக்கும் மேலே. மாதிரி வீடுகளைப் பார்த்த மக்கள் கேட்ட கேள்விகள் இவை: வெக்கை தாங்குமோ? உப்புக்காற்றில் கறள் பிடிக்காதோ? உடைந்தால் ஊர் மேசன் திருத்துவாரோ? நாளைக்கு ஒரு அறை கூட்டிக் கட்டலாமோ? எங்களுக்குத் தெரிந்து, வடக்கில் நிலைபேறான கட்டுமானம் பற்றி நடந்த மிகப்பெரிய பொதுவிவாதம் அதுதான். அந்தச் சொல்லை ஒருவரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். கடைசியில் அந்தத் திட்டம் அந்த அளவில் நடக்கவில்லை.

இப்போ மாற்று என்ன? போருக்குப் பிந்திய சில வீட்டுத்திட்டங்களில் அமுக்கிய மண்கல் பயன்பட்டது. மண்ணோடு கொஞ்சம் சீமெந்தைச் சேர்த்து இயந்திரத்தில் அமுக்குவார்கள். சூளை வேண்டாம், விறகு வேண்டாம், பூச்சும் கட்டாயமில்லை. 2022 நெருக்கடியில் சீமெந்துப் பையின் விலை ஒரு வருடத்துக்குள் இரண்டு மடங்கைத் தாண்டியபோதாவது இது பரவியிருக்க வேண்டும். பரவவில்லை. 'மண்' என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கிற வரலாறுதான் அதற்கு ஒரு காரணம் என்று நாங்கள் நினைக்கிறம். மண்வீட்டிலிருந்து கல்வீட்டுக்கு வர மூன்று தலைமுறை எடுத்த ஒரு குடும்பத்திடம் போய், சுற்றுச்சூழலுக்காகத் திரும்ப மண்ணுக்கு வாங்கோ என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. அதை முதலில் செய்யவேண்டியவர்கள் வசதியுள்ளவர்கள். பிரதேச செயலகமும் பல்கலைக்கழகக் கட்டடமும் வெளிநாட்டுக் காசில் எழும்பி வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கிற மாடிவீடும் மண்கல்லில் எழும்பட்டும். அப்போ மண் ஏழ்மையின் அடையாளமாக இருக்காது.

காங்கேசன்துறையில் திரும்பச் சீமெந்து செய்யவேண்டும் என்ற பேச்சும் அடிக்கடி எழுகிறது. வேலையில்லாத இடத்தில் அது நியாயமான ஆசை. 'இங்கே தோண்டாதே, வேறு எங்கேயும் தோண்டு' என்றும் எங்களால் சொல்ல முடியாது. புத்தளத்துச் சீமெந்துக்கான கல் அருவக்காட்டிலிருந்து வருகிறது. கல் எடுத்த அந்த நிலத்தைத்தான் கொழும்புக் குப்பையைக் கொட்டுவதற்கும் தெரிவுசெய்தார்கள். 2018இலும் 2019இலும் புத்தளம் மக்கள் அதை எதிர்த்துப் போராடினார்கள். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் விரட்டப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பாலானோர் போய்த் தங்கியதும் புத்தளத்தில்தான். எங்கட சுவருக்கு அவர்களின் நிலத்தில் குழி விழுவதை நிலைபேறு என்று சொல்ல முடியாது.

ஆகவே இரண்டு விஷயம் தேவை. ஒன்று, சீமெந்தைக் குறைவாகப் பாவிக்கிற வீடு. இரண்டு, எங்கேயாவது தோண்டத்தான் வேண்டுமென்றால், தோண்டுவதற்கு முன்னமே எல்லாரும் பார்க்கக்கூடிய கணக்கு: எத்தனை அடி ஆழம், நீர்மட்டம் எங்கே, சுற்றியுள்ள கிணறுகளில் உப்பு எவ்வளவு, குழியை யார் எப்படி மூடுவது. 1950இல் இந்தக் கேள்விகளைக் கேட்க ஆளிருக்கவில்லை. இப்போ நாங்கள் இருக்கிறம். கேட்பதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை; வீட்டுக் கிணற்றில் தண்ணீர் அள்ளிக் குடிக்கிற எவரும் கேட்கலாம்.