மூன்று முதல் தொண்ணூற்றொன்பது வரை: பேஸ்பால் புதுமுகங்களின் ஜெர்சி எண்ணை ஊகிக்கும் வழக்கத்தின் வரலாறு

மைனர் லீக்கில் வெளுத்துக்கட்டும் ஓர் இளைஞர் மேஜர் லீக் அணிக்கு அழைக்கப்படப்போகிறார் என்ற செய்தி கசிந்தால் போதும், அமெரிக்க பேஸ்பால் ரசிகர்களிடையே இரண்டு கேள்விகள் கிளம்பிவிடும். எந்த இடத்தில் ஆடுவார்? எந்த எண்ணை அணிவார்? முதல் கேள்விக்கு அணியின் மேலாளர் செய்தியாளர்களிடம் பதில் சொல்லிவிடுவார். இரண்டாவது கேள்வி, ஜெர்சியின் படம் வெளிவரும் வரை ஊகமாகவே இருக்கும். பள்ளியில் என்ன எண், தந்தை ஆடியபோது என்ன எண், சிறுவயது நாயகன் யார் என்று துருவித் துருவி ஆளுக்கொரு கணக்குப் போடுவார்கள்.

இந்த ஊகம் எப்போது, எதனால் சாத்தியமாயிற்று என்பதே இக்கட்டுரையின் பொருள். சான்றுகளைப் பெரும்பாலும் நியூயார்க் யாங்கீஸ் அணியிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். எண்களுக்கு இவ்வளவு மரியாதை செய்து, அதனாலேயே எண் பஞ்சத்தில் மாட்டிக்கொண்ட அணி வேறில்லை. ஊகிப்பவர்கள் வீரரின் ஆசையையும் திறமையையும் எடைபோடுகிறார்கள். ஆனால் எண்ணைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அன்றைய தேதியில் எது காலியாக இருக்கிறது என்பதுதான். யாங்கீஸின் நூற்றாண்டுக் கதை இதையே திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

வரிசை எண்ணாக இருந்த காலம்

பேஸ்பால் சீருடையில் எண் தொடக்கத்திலிருந்தே இருந்ததில்லை. 1916 ஜூனில் கிளீவ்லாந்து அணி தன் ஆட்டக்காரர்களின் சட்டைக் கையில் எண்ணைத் தைத்துப் பார்த்து, சில வாரங்களிலேயே கைவிட்டது. 1923-இல் பிராஞ்ச் ரிக்கியின் மேலாண்மையில் இருந்த செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் மீண்டும் முயன்றது. பார்வையாளர்களின் கேலியை ஆட்டக்காரர்களால் தாங்க முடியவில்லை, அதுவும் நின்றது. பார்வையாளர்களுக்கு ஆட்டக்காரர்களின் பெயரைச் சொல்லும் அட்டைகள் அரங்க வாசலில் விற்பனையாகிக்கொண்டிருந்ததால், முதலாளிகளுக்கும் இதில் அவசரம் இருக்கவில்லை.

1929-இல் யாங்கீஸும் கிளீவ்லாந்தும் முதுகில் பெரிய எண்ணைப் பொறித்துக்கொண்டு பருவத்தைத் தொடங்க முடிவுசெய்தன. ஏப்ரல் 16 அன்று நியூயார்க்கில் மழை. ஆட்டம் நடக்காததால் முதலில் களமிறங்கிய பெருமை கிளீவ்லாந்துக்குப் போனது. யாங்கீஸ் இரண்டு நாள் கழித்து இறங்கியது. ஆனாலும் வரலாற்றில் நிலைத்தது யாங்கீஸின் முறைதான். பேட் செய்யும் வரிசையையே எண்ணாக்கினார்கள். முதலில் பேட் செய்யும் ஏர்ல் கோம்ப்ஸுக்கு 1, மார்க் கெய்னிக்குக்கு 2, மூன்றாவதாக வரும் பேப் ரூத்துக்கு 3, அடுத்து வரும் லூ கெரிக்குக்கு 4. அப்படியே கீழே இறங்கி, மாற்று கேட்சர்களில் இளையவரான பில் டிக்கிக்கு 10. பந்து எறிபவர்களுக்கு அதற்குமேல். ஃபிலடெல்பியா ஏத்லெட்டிக்ஸ் 1937-இல்தான் சொந்த மைதானத்து உடையிலும் எண்ணைப் போட்டது. மற்ற அணிகள் அதற்குள் இதற்குப் பழகிவிட்டிருந்தன.

இந்த ஏற்பாட்டில் ஊகத்துக்கு இடமே இல்லை. புதுமுகம் எத்தனையாவதாக பேட் செய்வார் என்று தெரிந்தால் எண்ணும் தெரிந்துவிடும். ரூத்தின் 3 என்பது அவர் தேர்ந்தெடுத்ததல்ல, அவர் நின்ற இடம். 1935-இல் ரூத் அணியைவிட்டுப் போனதும் அந்த 3 ஜார்ஜ் செல்கர்க்குக்குப் போனது. இன்று நினைத்தால் தெய்வக்குற்றம் போலத் தோன்றும். அன்று அது வெறும் நிர்வாகம். 1936-இல் ஏகப்பட்ட எதிர்பார்ப்போடு வந்த ஜோ டிமாஜியோ 9-ஐ அணிந்தார். மறு ஆண்டுதான் 5-க்கு மாறினார்.

எண் ஆளைச் சேர்ந்தது

திருப்பம் நோயால் வந்தது. தசைகளைச் செயலிழக்கச் செய்யும் கொடிய நோய் கெரிக்கைத் தாக்க, 1939 ஜூலை 4 அன்று யாங்கீ அரங்கில் அவருக்கு விழா எடுத்தார்கள். இனி 4 யாருக்கும் இல்லை என்று அணி முடிவுசெய்தது. மேஜர் லீக்கில் ஓர் எண்ணுக்கு ஓய்வளித்தது அதுவே முதல்முறை. ரூத்தின் 3-க்கு 1948 ஜூனில், அவர் இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, ஓய்வு கிடைத்தது. டிமாஜியோவின் 5-க்கு 1952-இல்.

அதோடு எண்ணின் தன்மையே மாறிவிட்டது. அது இடத்தைக் குறிப்பதை விட்டு ஆளைக் குறிக்கத் தொடங்கியது. ஆளைக் குறிக்கும் எண்ணுக்கு வாரிசு யார் என்ற கேள்வியும் கூடவே வரும். புதுமுகத்தின் எண்ணை முன்கூட்டிச் சொல்ல முற்படும் பழக்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

அந்தக் கேள்வி முழு பாரத்தோடு இறங்கியது 1951-இல், ஒரு பத்தொன்பது வயதுப் பையனின் முதுகில். ஓக்லஹோமாவின் சுரங்க ஊரான காமர்ஸிலிருந்து வந்த மிக்கி மான்டிலுக்கு அந்தப் பருவத் தொடக்கத்தில் கொடுக்கப்பட்டது 6. ரூத் 3, கெரிக் 4, டிமாஜியோ 5, அடுத்தது 6. டிமாஜியோவுக்கு அதுவே கடைசிப் பருவம். கணக்கு யாருக்கும் புரியாமலில்லை. யாங்கீஸில் எண்களைக் கொடுத்தவர் உடைமாற்று அறைப் பொறுப்பாளர் பீட் ஷீஹி. 1927-இல் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து 1985-இல் இறக்கும் வரை அங்கேயே இருந்தவர். ரூத்துக்கும் காபி கொடுத்தவர், மான்டிலுக்கும் கொடுத்தவர். ஒரு ஜெர்சியைக் கொக்கியில் மாட்டிவைப்பதன் மூலம் இவரால் ஒரு தீர்க்கதரிசனத்தையே சொல்லிவிட முடிந்தது.

தீர்க்கதரிசனம் பலிக்கவில்லை. மான்டில் ஸ்டிரைக்-அவுட் ஆகிக்கொண்டே இருந்தார். ஜூலையில் மேலாளர் கேஸி ஸ்டெங்கல் அவரைக் கான்சாஸ் சிட்டியில் இருந்த மைனர் லீக் அணிக்கு அனுப்பிவிட்டார். ஆகஸ்டில் திரும்பி வந்தபோது 6 வேறொருவர் முதுகில் இருந்தது. மான்டிலுக்குக் கிடைத்தது 7. அது எப்படிக் காலியாக இருந்தது? ஜூலை இறுதியில் கிளிஃப் மேப்ஸ் என்ற வெளிக்கள ஆட்டக்காரரை அணி விற்றிருந்தது, 7 அவருடையது. மேப்ஸின் கதையில் இன்னொரு வேடிக்கை உண்டு. ரூத்தின் 3-ஐ ஓய்வுக்கு முன் கடைசியாக அணிந்தவரும் இவரே. அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் 7-க்கு வந்தார். யாங்கீஸின் இரண்டு புனித எண்களை அணிந்த இவரைப் பெரும்பாலானோருக்கு இன்று தெரியாது.

7 என்றால் மான்டில் என்று உலகம் பின்னால் நம்பியது. மாட்டிவைத்த நாளில் அது வெறுமனே மிஞ்சிய எண். ஊகிப்பவர்கள் முதலில் படிக்க வேண்டிய பாடம் இது என்று எனக்குத் தோன்றுகிறது: கணக்குப் பார்த்துக் கொடுத்த 6 ஒட்டவில்லை, கணக்கில்லாமல் வந்த 7 ஒட்டிக்கொண்டது.

மற்ற அணிகளிலும் அந்தக் காலத்துப் பெரியவர்கள் பலர் முதல் எண்ணோடு நிற்கவில்லை. ஹாங்க் ஆரன் 1954-இல் 5-ஐ அணிந்து அறிமுகமானார். இரட்டை இலக்கம் வேண்டுமென்று கேட்க, 1955-இல் 44 கிடைத்தது. பிறகு நான்கு பருவங்களில் சரியாக 44 ஹோம் ரன் அடித்து எண் சோதிடர்களுக்குத் தீனி போட்டார். ராபர்ட்டோ கிளெமென்ட்டே 1955-இல் 13-ஐ அணிந்து தொடங்கி 21-க்குப் போனார். ராபர்ட்டோ கிளெமென்ட்டே வாக்கர் என்ற முழுப்பெயரை ஸ்பானிய முறையில் எழுதினால் 21 எழுத்து.

கையிருப்பு கரைந்த விதம்

1969-இல் 7, 1972-இல் 8, 1984-இல் 9, 1985-இல் 10, 1986-இல் 1 என்று யாங்கீஸ் வரிசையாக எண்களை மூடிக்கொண்டே வந்தது. ஒற்றை இலக்கத்தில் புழக்கத்துக்கு மிஞ்சியவை 2-உம் 6-உம் மட்டுமே. 1995 மே மாதம் டெரெக் ஜீட்டர் முதன்முதலாக அழைக்கப்பட்டபோது நிலைமை இதுதான். பள்ளியில் அவர் அணிந்தது 13. அணியில் அது ஜிம் லெய்ரிட்ஸிடம் இருந்தது. புதுமுகம் மூத்தவரிடம் போய்க் கேட்க முடியாது. 2-ஐ அணிந்திருந்த மைக் காலேகோ முந்தைய பருவத்தோடு போயிருந்தார். ஜீட்டருக்கு 2 மாட்டப்பட்டது. அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1992-இல், முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டவர் என்பதால் அணிக்கு அவர்மேல் நம்பிக்கை இருந்தது உண்மைதான். ஆனால் காலேகோ போகாமல் இருந்திருந்தால் இந்தக் கதை எப்படிப் போயிருக்கும்? மறு ஆண்டு மேலாளராக வந்த ஜோ டோரி 6-ஐ எடுத்துக்கொண்டார். 6-க்கு 2014-இலும் 2-க்கு 2017-இலும் ஓய்வு. அதன்பின் யாங்கீஸில் கிடைக்கும் ஒரே ஒற்றை இலக்கம் சுழியம். 2019-இல் ஆடம் ஒட்டாவினோ அதையும் அணிந்தார், அந்த அணியில் முதல் ஆளாக.

மூத்தவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. ரிக்கி ஹென்டர்சன் 1993-இல் டொரான்டோ போனபோது 24-க்காக டர்னர் வார்டிடம் 25,000 டாலர் கொடுத்தார். டாட்ஜர்ஸுக்கு வந்த ஷோஹெய் ஒஹ்தானிக்கு 17-ஐ விட்டுக்கொடுத்தார் ஜோ கெல்லி. கெல்லியின் மனைவிக்கு ஒரு போர்ஷே கார் வந்து சேர்ந்தது. புதுமுகத்திடம் காரும் கிடையாது, கேட்கும் துணிச்சலும் கிடையாது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடக்கும் வசந்தகாலப் பயிற்சி முகாமில் இளைஞர்களுக்கு 70, 80, 90 என்று பெரிய எண்களாகத்தான் வந்து விழும். இந்த ஆண்டு உன்னைச் சேர்க்கப்போவதில்லை என்பதன் நாகரிகமான வடிவம் அது.

2016 முகாமில் அப்படி விழுந்ததுதான் ஆரன் ஜட்ஜின் 99. அவருக்குப் பிடித்தவை 44-உம் 35-உம். 44 ரெஜி ஜாக்சனுக்காக மூடப்பட்டது. 35 மைக்கேல் பினேடாவிடம் இருந்தது. ஆகஸ்டில் அறிமுகமாகி முதல் வாய்ப்பிலேயே ஹோம் ரன் அடித்தார், 2017-இல் 52 அடித்து ஆண்டின் சிறந்த புதுமுகமானார். சிறிய எண்ணுக்கு மாறியிருக்கலாம், மாறவில்லை. முகாமின் ஒதுக்கு எண்ணாக இருந்த 99 இன்று நியூயார்க் சிறுவர்களின் முதுகில் தென்படுகிறது. சிறிய எண்ணே நட்சத்திரத்தின் எண் என்ற பழைய கணக்கை இந்த ஒரு ஆளே உடைத்துவிட்டார் எனலாம்.

ஆசையும் தடையும்

வீரரின் ஆசைக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிரைஸ் ஹார்ப்பர் 2012-இல் வாஷிங்டன் அணியில் 34-ஐ அணிந்தது மான்டிலுக்காக; மூன்றும் நான்கும் ஏழு. ஊகக்காரர்களுக்கு இதைவிட இனிப்பான புதிர் அமைந்ததில்லை. ஆனால் அதே ஹார்ப்பர் 2019-இல் ஃபிலடெல்பியா போனதும் மறைந்த ராய் ஹாலடேயின் எண் என்பதற்காக 34-ஐத் தொடாமல் 3-ஐ எடுத்தார். பால் ஸ்கீன்ஸ் கல்லூரியில் அணிந்தது 20. பிட்ஸ்பர்க்கில் அது பை டிரேனருக்காக என்றோ மூடப்பட்டது. 2024 மே மாதம் 30-ஓடு அறிமுகமானார். எல்லா அணிகளுக்கும் பொதுவான தடையும் ஒன்று உண்டு: 1997 ஏப்ரல் 15 முதல் ஜாக்கி ராபின்சனின் 42 புதிதாக யாருக்கும் கிடையாது.

பட்டியலில் வராத தடைகள்தான் ஊகிப்பவர்களைக் கவிழ்ப்பவை. பால்டிமோர் அணியில் 7-க்கு முறைப்படி ஓய்வு அளிக்கப்படவில்லை. ஆனால் அங்கே பயிற்சியாளராகவும் மேலாளராகவும் இருந்த கால் ரிப்கன் சீனியரின் நினைவாக நெடுங்காலம் அதைக் கொடுக்காமலே வைத்திருந்தார்கள். 2022 டிராஃப்டில் முதலாவதாக எடுக்கப்பட்ட ஜாக்சன் ஹாலிடேயின் தந்தை மாட், செயின்ட் லூயிஸில் 7-ஐ அணிந்தவர். 2024 ஏப்ரலில் மகன் அறிமுகமானபோது முதுகில் 7 இருந்தது, ரிப்கன் குடும்பத்தின் சம்மதத்தோடு.

ஜப்பானில் இந்த விளையாட்டின் இயல்பே வேறு. அங்கே அக்டோபர் வாக்கில் டிராஃப்ட் முடிந்து, ஒப்பந்தம் கையெழுத்தாகும்போதே எண்ணையும் அறிவித்துவிடுவார்கள். ஊகத்தின் ஆயுள் சில வாரங்கள்தான். அணியின் முதன்மைப் பந்து எறிபவருக்கு 18 என்பது போன்ற மரபுகள் இருப்பதால் எண்ணைப் பார்த்தே அணியின் எதிர்பார்ப்பைச் சொல்லிவிடலாம். நிப்பான் ஹாம் அணி ஒஹ்தானிக்கு யு டார்விஷ் விட்டுச்சென்ற 11-ஐக் கொடுத்தது அப்படித்தான். ஆனால் 2017 இறுதியில் அவர் ஏஞ்சல்ஸுக்கு வந்தபோது 11 ஜிம் ஃப்ரெகோசிக்காக மூடப்பட்டிருந்தது. 17-ஐ எடுத்துக்கொண்டார். உண்மையில் தனக்கு 27 வேண்டியிருந்தது, அதை வேறு யாரோ போட்டிருக்கிறார் என்று அறிமுக விழாவில் கிண்டலடித்தார். அந்த வேறு யாரோ, மைக் டிரவுட்.

இன்றைய யாங்கீஸ்

42-ஐயும் சேர்த்து 22 எண்களை மூடிவிட்ட யாங்கீஸில் ஊகிப்பது கிட்டத்தட்ட கழித்தல் கணக்காகிவிட்டது. மூடியவற்றை நீக்கி, மூத்தவர்களும் பயிற்சியாளர்களும் வைத்திருப்பவற்றை நீக்கினால் மிச்சம் கொஞ்சமே. ஜீட்டரைப் பார்த்து வளர்ந்த அந்தோனி வோல்பி 2023 முகாமில் 77-ஐ அணிந்திருந்தார். முதல் ஆட்டத்தில் 11-ஓடு வந்தார். பிரெட் கார்ட்னர் நெடுங்காலம் அணிந்து, அவர் போனபின் காலியாக இருந்த எண் அது. வோல்பிக்கு முன்னால் 77-ஐ அணிந்த கிளின்ட் ஃபிரேஸியர், மான்டிலின் 7 திரும்பக் கிடைக்குமா என்று கேட்டதாக ஒருமுறை வதந்தி பரவி ஊரே கொதித்தது. அப்படிக் கேட்கவே இல்லை என்றார் அவர். ஊகம் எவ்வளவு எளிதில் குற்றச்சாட்டாக மாறும் என்பதற்கு இது போதும்.

ஜேசன் டொமிங்கஸ் விஷயத்தில் ரசிகர்கள் இன்னும் அதிகமாகவே கற்பனை செய்தார்கள். 2019-இல் பதினாறு வயதில் 51 லட்சம் டாலருக்கு ஒப்பந்தமானவர். மான்டிலோடு ஒப்பிட்டுப் பேசப்பட்டவர். 2023 செப்டம்பர் 1 அன்று ஹூஸ்டனில் முதல் வாய்ப்பிலேயே ஜஸ்டின் வெர்லாண்டரின் பந்தை ஹோம் ரன் அடித்தபோது முதுகில் இருந்தது 89. இது நிரந்தரமல்ல என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்தது எது என்பதுதான் பேச்சு. பழைய நாயகர்களின் பட்டியலைப் புரட்டியவர்கள் அங்கே எதையும் கண்டிருக்க முடியாது. பார்த்திருக்க வேண்டியது அணியைவிட்டு யார் யார் போகிறார்கள் என்ற பட்டியலை. 2024 பருவத்தோடு அலெக்ஸ் வெர்டுகோவின் ஒப்பந்தம் முடிந்தது. அவர் அணிந்திருந்த 24 காலியாயிற்று. 2025-இல் டொமிங்கஸ் அதை எடுத்துக்கொண்டார்.